எந்த ஃபேமிலி

ஹெப்பகோடியில் அந்தக் கீழ்வீடு எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது. பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் நடத்திவிட்டு தினமும் பஸ், ரயில் என்று மாறி மாறி கே.ஜி.எஃப். திரும்பிக்கொண்டிருந்தேன். அங்கே அப்பா தனியாக இருமிக்கொண்டிருந்தார். சுரங்கத்தின் தங்கம் எங்கெங்கோ போனது, தூசி மட்டும் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. மாடிப்படி இனி அவருக்கு ஆகாது.

வீட்டுக்கார அம்மாவும் தமிழ்தான். "நம்ம ஜனங்க வந்தா நிம்மதிம்மா" என்று வாய் நிறையச் சிரித்தபடி கேட்டைத் திறந்தார். சாக்கடை மோரி ஓரமாக ஆளுயரப் புல் குத்துக்குத்தாக நின்றது.

"இந்தக் காட்டுப்புல்லப் புடுங்கணும். ஆள்தான் சிக்கல."

"ஐயோ ஆன்ட்டி, இது வெட்டிவேர். மண்ணு சரியாமப் புடிச்சுக்கும், விட்டுடுங்க."

"பரவால்லியே! எந்த ஃபேமிலி?"

பாழாய்ப்போன வாத்தியார் புத்தி எனக்கு. "போயேசி. நெல்லு, கரும்பு, மூங்கில் எல்லாம் இதே ஃபேமிலிதான். முன்னாடி இதுக்கு வெட்டிவேரியான்னு நம்ம தமிழ்ப் பேருலயே தனிப் பேரினம் இருந்துச்சு. இப்ப கிரைசோபோகன்ல சேத்துட்டாங்க" என்று பூரித்துப்போய் அடுக்கினேன்.

"புல்லக் கேக்கலம்மா. நீங்க எந்த ஃபேமிலி?"

"அப்பா மைன்ஸ்ல இருந்தாரு."

"மைன்ஸ்ல எல்லாருந்தான் இருந்தாங்க. அதுக்கு முன்னாடி? நார்த் ஆற்காடா? வீட்ல என்ன சாமி கும்புடுவீங்க?"

"புத்தர்."

"ஓ" என்றார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்தான் கேட் பக்கம் போனது. "பையன் வீடு வேணும்கிறான். கேட்டுட்டு போன் பண்றேம்மா."

போன் வரவில்லை. ஒரு புல்லைப் பேரினம் மாற்ற ஆராய்ச்சிக் கட்டுரை போதுமாம். எங்களை மாற்ற மூன்று தலைமுறையும் ஒரு எம்.எஸ்சி.யும் போதவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். 'டு-லெட்' பலகை கேட்டில் அப்படியே தொங்கியது. வெட்டிவேரும் அப்படியே நின்றது. என் பேச்சைக் கேட்டு அதை மட்டும் இருக்க விட்டிருக்கிறார்.

"வீடு என்னம்மா ஆச்சு?" என்று அன்று அப்பா கேட்டார்.

"அது மாடி வீடுப்பா. உங்களால ஏற முடியாது."

"கீழ்வீடுன்னு சொன்னியே."

நான் சோறு போடப் போனேன். இருமி முடித்துவிட்டு அப்பா கேட்டார்:

"என்ன சாமின்னு கேட்டாங்களா?"