ஆபீஸ் பையில் வந்த முயல்

நானும் கணவரும் குர்காவ் தாண்டி ஒரு பண்ணைக்கு மகளையும் மகனையும் அழைத்துப் போயிருந்தோம். அங்கே வேலை செய்யும் பெண் ஒரு வெள்ளை முயலைத் தூக்கி மகளின் மடியில் வைத்தாள். ஈர வைக்கோல் வாசனை குப்பென்று வந்தது. எனக்கு டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸும் என் எட்டு வயதும் ஞாபகம் வந்துவிட்டன.

அப்போது மஞ்சள் காமாலை வந்து ரொம்ப நாள் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தேன். அப்பா ஒரு முயலை ஆபீஸ் பையில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தார். நாய்க்குட்டியைக் கண்டாலே ஒதுங்கி நடக்கிற மனிதர்.

"வீட்டுக்குள்ள இது என்ன கூத்து?" என்றாள் அம்மா.

"குழந்தைக்குத் துணை வேண்டாமா?" என்றார்.

தினமும் சவரம் முடிந்த கையோடு அதற்கு முள்ளங்கிக் கீரை நறுக்கி வைப்பார்.

மறு வருஷம் ஜனவரியில் அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றலானது. முயலைப் பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டியிடம் கொடுத்தோம். அப்பா கழுத்திலிருந்த மஃப்ளரைக் கழற்றி அதன் பெட்டிக்குள் விரித்தார். ரயில் ஆக்ராவைத் தாண்டும்போது, "அது சாப்பிட்டிருக்குமாம்மா?" என்று என்னைக் கேட்டார். விட்டுவிட்டு வந்த கோபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் முயல் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம் என்று, அவர் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது.

"மம்மி, என் டர்ன் முடிஞ்சுது. சலோ" என்றாள் மகள்.

"நீங்க முன்னாடி போங்க" என்று அவளையும் தம்பியையும் அவர்கள் அப்பாவோடு அனுப்பினேன். பிறகு முயலை மடியில் வைத்துக்கொள்ளக் குழந்தைகள் நின்றிருந்த வரிசையின் கடைசியில் நானும் போய் நின்றேன்.