வயர் இல்லாத வெந்நீர்

சோலார் ஹீட்டரை விற்பது பெரிய காரியமில்லை. விற்ற பிறகு அது வேலை செய்கிறது என்று நம்பவைப்பதுதான் பெரிய காரியம். வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பி.எஸ்ஸி. முடித்த கையோடு பழவங்காடியில் ஒரு சின்னக் கடையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது திருவனந்தபுரத்தில் சோலார் என்றால் கால்குலேட்டர்தான் பலருக்கும் ஞாபகம் வரும்.

முதல் விற்பனை

என் முதல் வாடிக்கையாளர் ஸ்ரீவராகத்தில் இருந்த ஒரு மாமா. ஓய்வு பெற்ற ஆடிட்டர். கரண்ட் பில்லைக் குறைக்க வேண்டும் என்றுதான் வாங்கினார். மொட்டைமாடியில் கண்ணாடித் தகட்டையும் தொட்டியையும் பொருத்தி முடித்ததும் மூன்று முறை சுற்றி வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"வயர் இல்லை, சத்தம் இல்லை, ஒரு சிவப்பு லைட்கூட இல்லை. வேலை செய்யறோம்னு அதுக்கே எப்படித் தெரியும், குட்டி?"

குறையாத பில்

அடுத்த பில் வந்தது. ஒரு பைசா குறையவில்லை. தண்ணீர் சுடாததால் பழைய கீசரைப் போட்டுத்தான் குளிக்கிறோம், மெஷினை இறக்கிக்கொண்டு போங்கள் என்று மாமா கடைக்குப் போன் செய்துவிட்டார். முதலாளி நாகர்கோவில்காரர். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"பிள்ளே, அந்த மெஷின் கீழே இறங்குனா, கூடவே நீயும் இறங்கிர வேண்டியதுதான், கேட்டியா?"

பளபளக்கும் கண்ணாடி

ஒருவர் வீட்டில் சொல்லாமல் போய் நிற்க எனக்குக் கூச்சம். ஒவ்வொரு முறையும் போன் செய்துவிட்டே போனேன். மாமி காபி கொடுப்பார். மாடியில் கண்ணாடி துடைத்துவிட்டதுபோலப் பளபளக்கும். குழாயில் கசிவில்லை, தொட்டியில் குறையில்லை. மாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், தொட்டியைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் வெயிலையே சந்தேகப்பட்டேன். மாமா பின்னால் நின்று, நான் எதைத் தொட்டாலும் அதைத் தானும் தொட்டுப் பார்த்தார்.

"பிசிக்ஸ்தானே படிச்சே? அதுல பாஸ் பண்ணியாச்சோ?"

கறுப்புக் குடை

ஒருநாள் கடையில் போன் வேலை செய்யவில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, சொல்லாமலே போனேன். மாடி ஏறினால், கண்ணாடி முழுக்க மாமாவின் பழைய வேஷ்டி. அதன்மேல் வரிசை வரிசையாகக் கருவடாம். காக்கையை விரட்ட, விரித்த கறுப்புக் குடை ஒன்று நடுவில் கட்டியிருந்தது. குடையைச் சுற்றி மோர்மிளகாய். நான் போன் செய்த நாட்களில் எல்லாம், விருந்தாளி வருகிறாள் என்று மாமி அத்தனையையும் எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தும் வைத்திருக்கிறார்!

"வெயில் கண்ணாடிக்கு வேணும்" என்றேன்.

மாமி என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். "ஊர்ல இருக்கிற வெயிலெல்லாம் இது மேலதான் விழறதுன்னு நீதானேடி சொன்னே? அதனாலதான் இங்கே போட்டேன்!"

குறைந்த பில்

கருவடாம் பக்கத்து மூலைக்குப் போனது. தண்ணீர் கொதித்தது, கீசர் ஓய்ந்தது, அடுத்த பில் பாதியானது. இனி நிம்மதி என்று நினைத்தேன். இவ்வளவு குறைவது எப்படி என்று கரண்ட் ஆபீசிலிருந்து இரண்டு பேர் மீட்டரைச் சோதிக்க வந்துவிட்டார்கள். திருட்டுக் கரண்ட் என்று ஆகிவிட்டால் மெஷினோடு மாமாவின் மானமும் இறங்கிவிடும். மாமா எனக்குப் போன் செய்தார். நான் ஓடினேன்.

அதிகாரி மாடியில் மூன்று முறை சுற்றினார். குனிந்து அடியில் பார்த்தார். "வயர் எவிடே?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்துவிட்டார். "வயர் இல்லை, சத்தம் இல்லை, சிவப்பு லைட்டும் இல்லை. அதுவாக்கும் சார் இதோட விசேஷம்! கையை நீட்டுங்கோ." குழாயைத் திறந்தார். அதிகாரி கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். மீட்டரிலும் குறை இல்லை. ஆனாலும் படியிறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்தார்.

"சூடு உண்டு, ஒத்துக்கறேன். பகல் வெயிலை ராத்திரி முழுக்க எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

அன்று மாலையே முதலாளி என் வேலையை நிரந்தரமாக்கினார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் நான் போன் செய்துவிட்டுப் போனதே இல்லை.