ஆனைப்புளிக்கு முகம் எந்தப் பக்கம்

முகம் எடுத்தே பிழைப்பு நடத்தியவள் தேனிங் தியூஃப். ஃபாத்திக் நகரத்துக் கடைத்தெருவில் அவளுடைய ஸ்டூடியோ. தாடையைக் கொஞ்சம் தூக்கு, இடது தோளைத் தாழ்த்து என்றால் மனுஷன் கேட்பான், படம் அமைந்துவிடும்.

லாங்கேம் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வெளியே கம்பங்கொல்லைக்கு நடுவில் நின்ற ஆனைப்புளி மரத்தைச் சும்மா ஒரு படம் எடுத்தாள். பிரிண்ட் போட்டுப் பார்த்தால், பத்துப் பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத மரம் காலிஃபிளவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. நேரில் மலையாக நின்றது காகிதத்தில் எப்படி இப்படிச் சுருங்கிப்போனது? அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

வேலை இல்லாத நாளெல்லாம் லாண்டிங் பாஜியின் குதிரை வண்டியில் ஏறி மரத்துக்குப் போனாள். லாண்டிங் காம்பியா நாட்டுக்கும் தெற்கே, அரிசி விளையும் கசமான்ஸிலிருந்து பிழைக்க வந்த ஜோலா இனத்துக்காரன்; அவள் செரேர். செரேருக்கும் ஜோலாவுக்கும் பரம்பரையாகக் கேலி முறை. யார் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"மரம் முழுசா வரணும். இன்னும் கொஞ்சம் பின்னால போ."

"இதுக்கு மேல போனா காம்பியா வந்துரும். பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்தியாடி?"

"வாயை மூடிட்டு ஓட்டு. உன் பாட்டனும் எங்க ராஜாவுக்கு வண்டி ஓட்டினவன்தான்."

"அந்த ராஜாவுக்குச் சோறு போட்டதே எங்க பாட்டன்தான், கம்பு தின்னி!"

பின்னால் போகப் போக மரம் முழுதாக வந்தது, ஆனால் சின்னதாக வந்தது. கிட்டே போனால் கிளையெல்லாம் வெட்டுப்பட்டு, சுவரைப் படம் எடுத்தது போல இருந்தது. தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தாள். அடிவானம் கீழே இறங்கியது. அதுவரை அடிமரத்தின் குறுக்கே கயிறு கட்டியதுபோல ஓடிய கோடு வேர்க்காலுக்குப் போய்விட, மரம் எழுந்து நின்றது. பின்னால் தள்ளி நின்ற இன்னொரு மரம் இதன் தோளில் முளைத்த கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தாள். இரண்டும் பிரிந்து நடுவில் வானம் வந்தது. அட, மரத்தைத் தள்ளி நிற்கச் சொல்ல முடியாது, நாமல்லவா நகரவேண்டும் என்று நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஒருநாள் குதிரைக்கு நிழல் தேடி லாண்டிங் மரத்தடிக்குப் போய் நின்றான். கேமராவுக்குள் பார்த்தவள் திடுக்கிட்டாள். மரம் சட்டென்று மலையாகிவிட்டது.

"அங்கேயே நில்லு! நகராதே!"

"ஏன், பாம்பா?"

"உன் பக்கத்துலதான் மரம் பெருசாத் தெரியுது."

"அப்படியா? நான் அவ்வளவு சின்னவனாடி?" என்று அவன் கத்திய கத்தில் குதிரை மிரண்டது.

வாடைக்காற்று புழுதியை அள்ளிவந்த மாதத்தில் அவளுக்கு ஒரு நல்ல படம் கிடைத்தது. தூசி பின்னால் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. ஒரு ஓரமாக இலையில்லாத மரம், அதன் நீண்ட கிளை கைகாட்டும் பக்கமெல்லாம் வெற்று வானம். அதைப் பெரிதாகப் போட்டு லாங்கேமுக்கு எடுத்துப் போனாள். அந்த மரத்தின் வேருக்குப் பால் ஊற்றும் குடும்பத்தைச் சேர்ந்தவள் சிகா. கம்பு இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையைச் சாய்த்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு தங்கச்சி. இது எந்த ஊரு மரம்?"

"உங்க மரம்தான் அக்கா!"

"போ போ! எங்க மரத்துக்கு வயிறு தள்ளிக்கிட்டு இருக்கும், நிறைமாசக்காரி மாதிரி. இது யாரோ கிழவன் சுமை தூக்குற மாதிரில்ல இருக்கு?"

தேனிங்குக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் மரத்துக்கு மேற்கே இருக்கும் பாதர் ஊரில் காட்டியபோது, "நம்ம சுமைக்காரக் கிழவன்!" என்று எல்லோரும் ஓடிவந்தார்கள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவள் படம் எடுத்தது மேற்கே நின்று. லாங்கேம்காரர்கள் மரத்தைப் பார்ப்பது கிழக்கே, கிணற்றடியிலிருந்து.

அதன்பிறகு வீடு வீடாகப் போய், "நீங்க மரத்தை எங்கே நின்னு பாப்பீங்க?" என்று கேட்டாள். இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு. ஆனாலும் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார்கள்: இந்த வேலியோரம், இந்த அடுப்படி வாசல், வண்டித்தடம் வளைகிற இந்த மேடு. அவர்கள் நின்ற இடத்திலேயே நின்று எடுத்தாள்.

அறுவடை வேலையெல்லாம் ஓய்ந்திருந்த அந்தக் காலத்தில் இரண்டு ஊருக்கும் மரத்தடியில் மல்யுத்தம் நடந்தது. அன்றைக்குப் படங்களை மரத்தில் மாட்டத் தேனிங் சிகாவிடம் அனுமதி கேட்டாள்.

"ஆணி மட்டும் அடிச்சிராதே."

ஆணி அடிக்கவில்லை. அடிமரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டாள். வேண்டுமென்றே கிழக்கில் எடுத்ததை மேற்கிலும், மேற்கில் எடுத்ததைக் கிழக்கிலும் மாட்டினாள். தன் மரத்தைத் தேடி ஆளாளுக்குச் சுற்ற ஆரம்பித்தார்கள். பறை முழங்குகிறது, மல்லர்கள் தொடை தட்டி நிற்கிறார்கள், பாதிக் கூட்டம் மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சிகா மேற்குப் பக்கம் வந்து அண்ணாந்து பார்த்து, இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "அடியாத்தீ! இத்தனை வருஷமா இவ முதுகைப் பாக்காமலே இருந்திருக்கேனா?"

"முதுகு எங்க பக்கமா? வயிறு உங்க பக்கமா? யாரு சொன்னா?" என்று பாதர் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். பொய்ச் சண்டைதான்.

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. தெற்கே, மேய்ச்சல் தடத்திலிருந்து யாரும் காட்டாமல் தேனிங் தானாகவே எடுத்தது. மரம் நடுவில் பிளந்து இரண்டு பேர் சாய்ந்து பேசுவதுபோல் இருந்தது. தலையில் தயிர்ச் சுரைக்குடுவையோடு வந்த ஃபுலானிப் பெண் தாதோ அதன் முன்னால் நின்றாள், வெகுநேரம் நகரவில்லை.

"என்ன தாதோ?" என்றாள் தேனிங்.

"நான் தெனமும் வர்ற பக்கம். இதுங்க ரெண்டும் பேசி முடிக்கிறதுக்குள்ள தயிரு வித்துட்டுத் திரும்பணும்னு நடப்பேன். வேற யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

தேனிங் படத்தை அவிழ்த்து அவளிடமே கொடுத்தாள். தாதோ அதைச் சுருட்டித் துணிக்குள் செருகிக்கொண்டு தயிர் விற்கப் போனாள்.

மழைக்காலம் வந்துவிட்டது. மரம் முழுக்க இலை. கிளையும் தெரியவில்லை, வயிறும் தெரியவில்லை, எங்கே நின்று எடுத்தாலும் ஒரே பச்சை மூட்டை. போன வெள்ளிக்கிழமைகூட தேனிங் சேற்றில் படுத்துக்கிடந்தாள்; லாண்டிங் அவளுக்குக் குடை பிடித்தபடி கசமான்ஸ் அரிசியின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தான்.