பூட்ஸ் காலுக்கு அடியில் அரிசி

1943. மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், தம்பினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். எதையும் தேதியோடு குறித்து வைப்பது என் பழக்கம். ஆனால் இந்தச் சம்பவத்துக்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை. ஜப்பான்காரர்கள் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி, ஆண்டையும் 2603 என்று மாற்றியிருந்தார்கள். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர் விட்ட சமயம் என்பதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பிற்காலத்தில் நாடாளுமன்ற மேலவையில் செனட்டராக உட்கார்ந்த என் தோழிக்கு அப்போது பதினாறு வயது. எனக்குப் பதினேழு. அடுத்தடுத்த லயத்து வீடுகளில் இருந்தோம். மரம் சீவும் வேலை நின்றுபோய், மரவள்ளி நட்டு, அதையே மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்த காலம். அவள் தம்பி காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தான். கிழங்கு அவன் வயிற்றில் தங்கவில்லை. அரிசிக் கஞ்சி கொடுத்தால் பிழைப்பான், இல்லையென்றால் சொல்ல முடியாது என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் கைவிரித்துவிட்டார்.

தம்பினைத் தாண்டினால் மலாக்கா. அங்கே ஒரு மலாய்க் கிராமத்தில் துணிக்கு மாற்றாக அரிசி கொடுத்தார்கள். ஆனால் எல்லை தாண்டி அரிசி கொண்டுவரக் கூடாது என்பது உத்தரவு. அப்படிப் பிடிபட்ட ஒருவரை மார்க்கெட் அருகே தூணில் கட்டிவைத்திருந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். மறுநாள் தூண் மட்டும் இருந்தது.

அவள்தான் யோசனை சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சியை யாரும் தொட்டுச் சோதிப்பதில்லை. பழைய பாவாடையைக் கிழித்து நீளமாக ஒரு பை தைத்தாள். நூல் கிடைக்காததால் அன்னாசி இலை நாரில் தைத்தாள். அந்தக் கிராமத்துக்குப் போய், அம்மாவின் கல்யாணச் சேலையைக் கொடுத்து அரிசி வாங்கி, பையில் நிரப்பி வயிற்றில் சுற்றிக்கொண்டாள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு. இடுப்பில் கை வைத்து, காலை அகட்டி நடந்து காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எத்தனை மாசம்டி?" என்றேன்.

"அரை காந்தாங் மாசம்" என்றாள். காந்தாங் என்பது எங்கள் ஊரில் அரிசி அளக்கும் படி.

அதற்குப் பிறகு அன்று நாங்கள் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில், ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் ஒரு ஜப்பானியச் சிப்பாய் துப்பாக்கியோடு நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர். தாலி, நடை, கேட்டால் சொல்ல ஒரு புருஷன் பெயர், எல்லாவற்றையும் யோசித்த நாங்கள், சிப்பாய் முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்க வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. தினமும் செய்து செய்து, அது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டிருந்தது.

நான் குனிந்தேன். அவள் தலையை மட்டும் தாழ்த்தினாள். சிப்பாய் கத்தினான். அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பிறகு அவள் முழுவதுமாகக் குனிந்தாள்.

நார் அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதாகத்தான் இன்றுவரை நினைக்கிறேன். அவள் சேலைக் கரைக்குக் கீழே, செம்மண்ணில், வெள்ளையாக அரிசி விழுந்தது. முதலில் நாலைந்து மணி. பிறகு ஒரு பிடி. சிப்பாயின் கண் அவள் குனிந்த தலையில் இருந்தது. பார்வையை அவன் கொஞ்சம் தாழ்த்தினால் போதும்.

போலீஸ்காரர் பார்த்துவிட்டார். நேராக அவளிடம் வந்து, விழுந்த அரிசியின் மேல் தன் பூட்ஸ் காலை வைத்து நின்றார். பிறகு சிப்பாயைப் பார்த்து, தன் வயிற்றில் கையால் வளைத்துக் காட்டி, "புந்திங், புந்திங்" என்றார். கர்ப்பிணி என்று அர்த்தம். எங்களிடம் திரும்பி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். "லெக்காஸ், லெக்காஸ்" என்று விரட்டினார். திட்டும்போது உடம்பெல்லாம் அசைந்தது, அந்தக் கால் மட்டும் அசையவில்லை.

அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலி கண்டவள் போலவே இருந்தது.

"ஓடாதடி" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "திரும்பியும் பாக்காத."

ரப்பர் மரங்களுக்குள் போனதும் உட்கார்ந்துவிட்டோம். அவள் அழவில்லை. அறுந்த நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

பாதிக்கு மேல் அரிசி மிஞ்சியது. தம்பி பிழைத்தான். ஆனால் அடுத்த முறை அந்த வழியாகப் போனபோது அங்கே வேறு போலீஸ்காரர் நின்றார். பழையவர் மாற்றலாகிப் போனாரா, அல்லது அவர் காலை எடுத்தபோது சிப்பாய் அரிசியைப் பார்த்துவிட்டானா? கேட்கப் பயம். கேட்கவில்லை.

யுத்தம் முடிந்தது. அவள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தாள். வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்காகவும் குடிதண்ணீருக்காகவும் மேனேஜர்களோடு மல்லுக்கு நின்றாள். பல வருடங்கள் கழித்து மேலவைக்கு நியமிக்கப்பட்டாள். அங்கேயும் தோட்டத்துப் பெண்களைப் பற்றித்தான் பேசினாள். சபைக்குள் நுழையும்போது தலைவரின் ஆசனத்தை நோக்கிக் குனிந்து வணங்குவது அங்கே வழக்கம். மற்றவர்கள் தலையை லேசாகச் சாய்ப்பார்கள். இவள் இடது கையை வயிற்றில் வைத்து, இடுப்பு வரை குனிவாள். பணிவின் இலக்கணம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதைக் கத்தரித்து அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பணிவாம் லா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "குனியறப்பல்லாம் தரையத்தான்டி பாக்கறேன், ஏதாச்சும் கொட்டியிருக்கான்னு. இங்க கொட்டினா மிதிச்சு மறைக்க யாரு இருக்கா?"

பதவியில் இருந்தபோது அந்தப் போலீஸ்காரரைத் தேடிப் பார்த்தாள். பெயர் தெரியாமல் என்னவென்று தேடுவது? கிடைக்கவில்லை. இப்போது அவளும் இல்லை.

அரிசியை மிதிப்பது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். இன்றும் சமையலறையில் நாலு மணி அரிசி சிந்தினால் உடனே குனிந்து பொறுக்குகிறேன். பொறுக்கும்போதெல்லாம், பெயரும் தேதியும் இல்லாமல் என் குறிப்புகளில் வெற்றிடமாகவே நிற்கும் அந்த மனிதர் ஒரு வீட்டின் கஞ்சிக்காக அரிசியை மிதித்து நின்ற கால் என் கண் முன்னே வருகிறது. அந்தக் காலை எடுத்த பிறகு அவருக்கு என்ன ஆயிற்றோ என்ற பயமும் கூடவே வருகிறது.