கடைசிக் கூட்டில் ஒரு சிட்டிகை

ஜோதிமணிக்குச் சிவகாசிப் பக்கம். பட்டாசு ஆலையில் பதினேழு வருஷம் மருந்து அடைத்த கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு ஷார்ஜா ஓரத்தில், துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் இரண்டு வருஷமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வளைகுடாவில் இதெல்லாம் சகஜம். கைக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை, விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

கிளப்பில் உரிமம் பெற்ற சின்ன அறை ஒன்று உண்டு. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்து, புது மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவார்கள். அதற்குப் பொறுப்பாளர் கிருபன், யாழ்ப்பாணத்துக்காரர். வயசு முப்பத்தெட்டு, சிடுசிடுப்பு அறுபதுக்கானது. ஒருநாள் அவர் நைலான் சட்டையோடு மருந்து டப்பாவைத் திறப்பதைப் பார்த்த ஜோதிமணி, துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலில் நின்றே சத்தம் போட்டாள்.

“தம்பி, அந்தச் சட்டையோட மருந்துகிட்டப் போகாதீங்க! நைலான் உரசிப் பொறி பறந்தா என்ன ஆவுறது?”

கிருபனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் பருத்திச் சட்டையில் வந்தார். அடுத்த வாரம், “அக்கா, உள்ளுக்கு வந்து இருங்கோ” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆபீஸில் மல்லுக்கட்டிப் பயிற்சி அனுமதியும் வாங்கினார். நாலு மாசத்தில் அவள் வேலையைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தரை துடைக்க அனுப்பிய கம்பெனியின் ஒப்பந்தம் இந்த மாசத்தோடு முடிகிறது. அவளைத் தோட்டா அறைக்கு எடுத்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்புவதா என்று கிருபன் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு இந்த வேலை வேண்டும். வாழ்க்கையில் இவ்வளவு ஆசையாக எதையும் அவள் கேட்டதில்லை.

இன்றைய வேலை அறுபது தோட்டா. கிளப்பின் பழைய உறுப்பினர், இந்தி பேசத் தெரிந்த அரபுக்காரர் அபு ஷம்மா கேட்டிருந்தார். அவருடைய தகப்பனாரின் வேட்டைத் துப்பாக்கி ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் கீழே இருக்கும் லீவரைத் தள்ளி இழுத்துத்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்மூக்குக் குண்டு வைத்தால் முன்னால் இருப்பதன் முதுகில் குத்தி வெடிக்கலாம் என்பதால் குண்டின் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். கடைத் தோட்டா தோளில் உதைக்கிறது, மருந்து குறைத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டிருந்தார்.

ஜோதிமணி ஒவ்வொன்றுக்கும் மருந்தைத் தராசில் நிறுத்துக் கொட்டினாள். குண்டு பதித்தாள். எல்லாவற்றையும் துணியில் போட்டு உருட்டித் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். கிருபன் ஐந்தை எடுத்துப் பார்த்து, “நல்லாயிருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதே பெரிய பாடு.

அவர் தேநீருக்குப் போனபின் அவள் மேஜையைத் துடைத்தாள். மருந்துத் தட்டு பளிச்சென்று இருந்தது. அவள் கை நின்றுவிட்டது. அறுபதும் நிறுத்த பிறகு தட்டில் ஒரு சிட்டிகை மிஞ்சியிருந்ததே, அது எங்கே?

பட்டாசு ஆலையில் வேலை முடியும்போது தட்டில் துளி மருந்து இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தால் கடைசி வெடியிலேயே தட்டிவிடுவார்கள். தீபாவளிக்கு அந்த ஒரு வெடி கூடக் கொஞ்சம் சத்தமாக வெடிக்கும், அவ்வளவுதான். பதினேழு வருஷப் பழக்கம் அவளைக் கேட்காமலே வேலையைப் பார்த்துவிட்டது. அறுபதில் ஏதோ ஒன்றில் கூடுதல் மருந்து. பட்டாசில் சத்தம்தான் கூடும், இங்கே துப்பாக்கியே வெடித்துச் சுடுபவர் முகத்தில் அடிக்கலாம். கடைசியாக நிரப்பியதுதான், ஆனால் துணியில் போட்டு உருட்டியதில் எல்லாம் கலந்துவிட்டதால் எது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பித்தளைக் கூடுகளே ஒன்றுக்கொன்று எடை மாறும் என்பதால் தராசும் கைகொடுக்காது.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால் ஊருக்கு டிக்கெட். பாவி மனசு இரண்டு நிமிஷம் அப்படியும் இப்படியும் ஆடத்தான் செய்தது. பிறகு அவள் எழுந்து, கிருபன் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கே போய்ச் சொன்னாள்.

“என்னக்கா சொல்லுறியள்?” கிருபனின் குரல் ஏறியது. “அந்த மனுசன் வந்து வாசலிலை நிக்கிறார்! அறுபதையும் கழட்ட வேணும், விளங்குதோ?”

“விளங்குது தம்பி. நானே கழட்டுறேன்.”

அபு ஷம்மா உள்ளே வந்தார். “க்யா ஹுவா பாய்?” என்ன ஆச்சு என்று கிருபனை இந்தியில் கேட்டார். கிருபன் வார்த்தை தேடுவதற்குள் ஜோதிமணி முந்திக்கொண்டாள். “சார், கல்தி மேரா. ஏக் மே ஜாஸ்தி மருந்து. கோன்சா, மாலும் நஹி. சப் கோல்னா.” தப்பு தன்னுடையது, ஒன்றில் மருந்து கூடிவிட்டது, எது என்று தெரியாது, எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். 

அவர் பெட்டியைப் பார்த்தார்.  பிறகு இந்தியில் மெதுவாகச் சொன்னார்: “இது எனக்கில்லை. என் மகள் ஷம்மாவுக்கு. இன்றைக்குத்தான் முதல்முறை தாத்தாவின் துப்பாக்கியில் கன்னத்தை வைக்கப் போகிறாள்.”

வாயை மூடிக்கொள்ளலாமா என்று மனசு ஆடிய அந்த இரண்டு நிமிஷத்தை ஜோதிமணி நினைத்தாள். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கழற்று,” என்றார் அபு ஷம்மா. “நான் காத்திருக்கிறேன்.”

கிருபனும் உட்கார்ந்தார். ஒவ்வொரு குண்டாகப் பிடுங்கி மருந்தை நிறுத்தார்கள். நாற்பத்து மூன்றாவதில் தராசு முள் மேலே போனது. மிச்சத்தையும் விடாமல் பார்த்தார்கள். பிறகு கிருபன் மறுபடி நிரப்பத் தட்டை இழுத்தார். அபு ஷம்மா விரலால் அதை ஜோதிமணி பக்கம் தள்ளினார்.

“இவங்களே போடட்டும்.”

அறுபதும் புதிதாகத் தயாரானபோது வெயில் சாய்ந்திருந்தது. பெட்டிமேல் ஒட்டும் சீட்டில் தோட்டா போட்டவர் கையெழுத்திட வேண்டும். அவள் பயிற்சியில் இருந்ததால் நாலு மாசமாக அதில் கிருபன்தான் கையெழுத்திட்டு வந்தார். இன்று பேனாவை அவளிடம் நீட்டினார்.

“நானா தம்பி?”

“வேறை ஆர்? சனிக்கிழமையிலை இருந்து இஞ்சதானே உங்களுக்கு டியூட்டி. ஆபீசுக்கு எழுதப்போறன்.”

அவளுக்குத் தமிழ்தான் எழுத வரும். கண்ணீர் மறைக்க மறைக்க ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அபு ஷம்மா சீட்டை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

“இதை எனக்குப் படிக்கத் தெரியாது,” என்றார். “ஆனால் இனிமேல் என் மகளுக்கு வாங்கும் பெட்டியில் இந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பேன்.”