அம்மா காரும் மல்லாட்டை வேனும்

கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சாமான் விற்பது பாதி வேலை. வந்தவர் ஓட்டுவது எந்த வண்டி என்று கண்டுபிடிப்பது மீதி வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று தொண்டை வற்றியவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆரணியில் சேவூர் ரோட்டில் என் கடை. "ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?" என்று கேட்காமல் யாரும் உள்ளே வருவதில்லை.

அம்மா கார்

ஞானராஜ் வாத்தியார் பழுதான பழைய கார்பரேட்டரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். ஜப்பான் கம்பெனியின் அந்த மூன்று சிலிண்டர் சின்னக் காருடையது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து தருகிற கார்பரேட்டரை அந்த எஞ்சினிலிருந்து எடுத்துவிட்டு எப்போதோ இஞ்செக்‌ஷன் வைத்துவிட்டார்கள். பழையதற்கு நான் எங்கே போவேன்?

அடுத்த வாரம் மகள் ஸ்டெல்லாவுக்குச் சர்ச்சில் கல்யாணம். அந்தக் கார், நர்ஸாக இருந்த அவள் அம்மா தன் சம்பளத்தில் வாங்கி, தானே ஓட்டியது. அம்மா இப்போது இல்லை. "புதுக் கார் வாடகைக்கு எடுக்கிறேன்னு சொன்னேன்மா. 'அம்மா கார்ல போறேன், இல்லன்னா நடந்து போறேன்'னுட்டா" என்றார். சென்னை வரை போன் போட்டேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "அந்தக் காலத்து சாமான்லாம் இப்ப ஏதுக்கா?"

பார்டர்

இந்த பேஜாருக்கு நடுவில் பட்டுப்புடவைத் தறிக்காரர் முருகேசன், தன் காருக்கு வாங்கிப்போன ஹெட்லைட் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தார். எந்த வருஷ மாடல் என்றேன். "பெரிய பொண்ணு கல்யாணம் பண்ண வருஷங்க" என்றார். எங்கள் ஊரில் காருக்கு வயது சொல்வது இப்படித்தான். ஆர்சி புத்தகம் பீரோவில் பத்திரமாகத் தூங்கும்.

எஞ்சினும் உடம்பும் அதேதான், மூஞ்சியை மட்டும் மாற்றிப் புது மாடல் என்று விட்டார்கள், அதனால் ஹெட்லைட் வேறு என்று விளக்கினேன். அவர் கையிலிருந்த ஹெட்லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒடம்பு அதே, பார்டர மட்டும் மாத்தி புது டிசைன்னு விக்கறது எங்க வேலையாச்சே, இத ஜப்பான்காரனுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

காணாமல் போன எஞ்சின்

அப்பாண்டைராஜன், ஜைனக் கோயில் இருக்கிற எங்கள் திருமலைப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிற ஜைனர். மூட்டை ஏற்ற, அதே கம்பெனியின் பழைய வேன் ஒன்றை வாங்கியிருந்தார். "ஆயில் பாக்கலாம்னா எஞ்சின் எங்க கீதுன்னே தெரியலம்மா" என்று வண்டியோடு வந்து நின்றார்.

இறங்கச் சொல்லி முன் சீட்டைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே, சின்னக் காரில் இருந்த அதே மூன்று சிலிண்டர் எஞ்சின். பக்கத்தில், நான் ஊரெல்லாம் தேடிய கார்பரேட்டர்! நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் சீட்டைத் தடவிப் பார்த்தார். "அப்ப இத்தினி நாளா எஞ்சின் மேல குந்திகினா ஓட்டிகினு இருந்தேன்? நான் வெயில் சூடுன்னு நெனச்சேன்மா!"

ஒரு நாள் கடன்

ஸ்டெல்லா கல்யாணத்தைச் சொல்லி, கார்பரேட்டரை ஒரு நாள் கடனாகத் தருவீர்களா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். ஓடுகிற வண்டியின் கார்பரேட்டரை யார் கழற்றித் தருவார்கள்? அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பொண்ணுக்கு அம்மா இல்லியா?" இல்லை என்றேன். சாவியைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் வேனிலிருந்து கழற்றித் தட்டிக்கொட்டிக் காரில் மாட்ட, கல்யாணத்தன்று காலை அம்மா கார் இருமாமல் புறப்பட்டது. ஆரணிப் பட்டில் ஸ்டெல்லா முன் சீட்டில் உட்கார்ந்து சர்ச்சுக்குப் போனாள். நான் கடை வாசலில் நின்று அழுதேன், சிரித்தேன், எதிர்க்கடைக்காரர் பார்த்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மறுநாள் காலை அப்பாண்டைராஜன் வேனை எடுக்க வந்தார். அப்போதுதான் வாத்தியாரின் போனும் வந்தது. மாப்பிள்ளைக்கு வேலூர், விருந்து முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் அம்மா காரிலேயே கிளம்பிவிட்டார்களாம், கார்பரேட்டர் ஞாபகம் யாருக்கும் வரவில்லையாம். நான் சொன்னதைக் கேட்டு அப்பாண்டைராஜன் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "பொண்ண கட்டிக் குடுக்கறது சரி, கூடவே என் கார்பரேட்டரையும் சீரா குடுத்துட்டீங்களேம்மா!"

'விற்ற சாமான் திரும்ப வாங்கப்பட மாட்டாது' என்று கடையில் போர்டு மாட்டியிருக்கிற நான், விற்காத சாமானைத் திரும்ப வாங்க வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.