மேலுமலை ஏற்றமும் கிளட்ச் இல்லாத வண்டியும்

முழங்கால் கெட்டுப்போன பிறகுதான், ஒரு லாரியை ஓட்டுவதற்கு எவ்வளவு இடக்கால் வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது.

ஐம்பதுகளின் நடுவில் ஓசூரில் என்னிடம் ஒரு பிரேக்டவுன் லாரி இருந்தது. போர் முடிந்ததும் படையினர் கழித்துவிட்ட அமெரிக்க வண்டி அது. டிஸ்போசல் வண்டி என்று ஊரில் சொல்வார்கள். பின்புறம் ஒரு சிறு கிரேனும் சங்கிலிகளும் உண்டு. பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நின்றுபோன வண்டிகளைக் கட்டி இழுத்து வருவது என் தொழில். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறி வரும் லாரிகள் பெரும்பாலும் சூளகிரிக்கு முன்னால் மேலுமலை ஏற்றத்தில்தான் நின்றுவிடும். அங்கே ஒரு நாள் இழுவையில் இருந்த சங்கிலி அறுந்து, அதன் நுனி திரும்பி வந்து என் இடது முழங்காலில் அடித்தது. எலும்பு கூடிற்று, வலிமை கூடவில்லை. படைவீரனின் காலை எண்ணிச் செய்யப்பட்ட அந்தக் கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தொடைவரை ஓர் எரிச்சல் ஏறும். ஏற்றத்தில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஏற்றம் முடிவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிடும்.

சம்பளத்துக்கு டிரைவர் வைத்துப் பார்த்தேன். ஒருவர் அச்சை முறித்தார். இன்னொருவர் பெங்களூருக்கு ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு போய், அந்த ஊர் பிடித்துப்போகவே அங்கேயே தங்கிவிட்டார். நல்லவராக ஒருவர் வாய்த்தபோது, வண்டி ஈட்டியதெல்லாம் அவர் சம்பளத்துக்கே சரியாய்ப் போயிற்று.

என் மனைவியின் அண்ணன் ஊத்தங்கரையில் புளி மண்டி வைத்திருந்தார். ஒரு நாள் வந்து, என் காலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"மாப்ளே, காலு போச்சு. வண்டியும் போவட்டும், வித்துடலாம். மண்டியில வந்து கல்லாவுல உக்காருங்க. ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம்."

"யோசிச்சுச் சொல்றேனுங்க."

"யோசிக்கறதுக்கு காலு எதுக்கு? உக்காந்துகிட்டே யோசிங்க."

அவர் போன பின் மனைவி, "அண்ணன் சொல்றதுல என்னங்க தப்பு?" என்றாள். தப்பு ஒன்றும் இல்லை. அவர் நல்லவர், அழைப்பும் அன்பானது. ஆனால், ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் வாசல்படியில் செருப்பை விடும்போதெல்லாம் அவர்கள் முகம் பார்த்துத்தான் விட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தைப் பொங்கல் வரையில் பொறுத்துக்கொள் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். அதற்குள் கூலிக்கு ஆள் வைக்காமல் நானே வண்டியை ஓட்டும் வழி கிடைத்தால் ஓசூர். கிடைக்காவிட்டால் லாரியை விற்றுவிட்டு ஊத்தங்கரை. அவள் அதற்கு உடன்பட்டாள். எது நடக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள் என்பதை மறைக்கவும் இல்லை.

அந்த ஐப்பசி மழையில், பெங்களூர்ச் செல்வர் ஒருவரின் பெரிய அமெரிக்கக் கார் சூளகிரி அருகே பாலத்தின்கீழ் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பகுதி முழுவதும் நசுங்கிப்போன அதைத் தூக்கி வர நானும், என் வண்டியைப் பழுது பார்க்கும் மேஸ்திரியும் போனோம். என் லாரியை அன்று ஓட்டியவரும் அவரே. சந்தைப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருந்த அவருக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். தமிழ் படித்தவன் என்பதால் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். நான் யாருக்கும் பாடம் சொன்னதில்லை.

மேஸ்திரி காருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, கீழே சேற்றில் எதையோ தேடினார்.

"என்ன தேடறீங்க?"

"கிளட்ச் மிதியக் காணோம் வாத்தியாரே. பிரேக் இருக்குது, ஆக்சிலேட்டர் இருக்குது. விழுந்த வேகத்துல பிச்சுகிட்டுப் போயிருக்கும்."

காருக்குக் காவலாக நின்றிருந்த அந்த வீட்டுக் காரியஸ்தர் சிரித்துவிட்டார். "தேடாதேப்பா. அதுக்குக் கிளட்சே கிடையாது. ஆட்டோமேட்டிக். கியரெல்லாம் அதுவா மாத்திக்கும்."

மழையில் நின்றுகொண்டிருந்த என் காதில் அந்தச் சொல் விழுந்ததும் வலி சற்று நின்றாற்போல இருந்தது. இழுவைக் கூலிக்குப் பதிலாகக் நசுங்கிய காரையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். காரியஸ்தர் மறுநாளே அனுமதி வாங்கி வந்தார்.

காரின் கியர் பெட்டியைக் கழற்றி என் லாரியில் பொருத்துவது என் எண்ணம். அத்தகைய பெட்டியை மேஸ்திரி அதற்கு முன் கண்டதில்லை. அவருக்குத் தெரிந்த எவரும் கண்டதில்லை. "தொறந்தா மூடிடுவேன். மூடினது ஓடுமான்னு மட்டும் கேக்காதீங்க" என்பதே அவர் அளித்த உறுதி. காரும் லாரியும் ஒரே நாட்டு ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. ஆகவே துளைகளில் பாதி பொருந்தின. மற்றவற்றுக்காக ஓர் இரும்புத் தகடு அறுத்து நடுவில் வைத்தார். டிஸ்போசல் வண்டிகளில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறு பெட்டி உண்டு. அதன் கைப்பிடியைத் தாழ்த்தினால் வண்டி நடக்கும் வேகத்தில் போகும். ஆனால் மலையைக்கூட இழுக்கும். அந்தப் பின்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டோம்.

வெறும் வண்டியாக அது ஓடியபோது, தெருவே வேடிக்கை பார்த்தது. நான் வலக்காலை மட்டும் அசைத்தேன். வண்டி தானே மூச்சு மாற்றிக்கொண்டு போயிற்று. மறுநாள் மண் நிரப்பிய ஒரு லாரியைப் பின்னால் கட்டியதும் எஞ்சின் அலறிற்று, சக்கரம் நகரவில்லை. உள்ளே ஒன்றையொன்று பற்றிச் சுழல வேண்டிய தகடுகள் கார் எடைக்குச் செய்தவை. லாரி எடைக்கு அவை வழுக்கின.

அதன்பின் நாங்கள் செய்தவற்றையெல்லாம் சீர்திருத்தம் என்று சொல்லலாம்; தையலில் ஒட்டுப் போடுவது என்றும் சொல்லலாம். தகடுகளை அரத்தால் ராவி மெலிதாக்கி, கிடைத்த இடத்தில் கூடுதலாகத் தகடு செருகினோம். எண்ணெயின் அழுத்தம் ஏறுவதற்காக ஒரு சுருள்வில்லின் அடியில் வாஷர்கள் வைத்தோம். எண்ணெய் கொதித்ததால், செப்புக் குழாயைச் சுருட்டி ரேடியேட்டருக்கு முன்னால் கட்டி, எண்ணெயை அதன் வழியே போய்வரச் செய்தோம். நீளமான ஒரே குழாய் வாங்க வசதி இல்லை. துண்டுகளை மேஸ்திரி ஈயம் பற்றவைத்து இணைத்தார். அந்தப் பெட்டிக்கென்று உரிய எண்ணெய் பெங்களூரில்தான் கிடைத்தது. டின்னோடு வரும்போது, மாநில எல்லையில் மதுவிலக்குச் சோதனைக்கு நின்ற போலீஸ்காரர் மூடியைத் திறக்கச் செய்தார், விரலை விட்டு முகர்ந்தார், நாக்கில் வைத்தார்.

"என்னய்யா இது, வண்டிக்கா ஊத்துவீங்க?"

"வண்டிக்குத்தாங்க."

"அதுவாச்சும் உருப்படட்டும்" என்று துப்பிவிட்டு எங்களைப் போக விட்டார்.

மார்கழித் தொடக்கத்தில் மேலுமலைக்குப் போனோம். கேழ்வரகு ஏற்றிய லாரி ஒன்று அங்கே நின்றிருந்தது. அதைக் கட்டி இழுத்தோம். ஏற்றத்தின் பாதிவரை என் வண்டி குறைவின்றி ஏறிற்று. பிறகு தார்ச்சாலையில் எண்ணெய் ஒழுகிய கோடு ஒன்று எங்களுக்குப் பின்னால் நீண்டது; வண்டி தளர்ந்து நின்றது. செப்புக் குழாயில் பற்றவைத்த இணைப்பு விட்டிருந்தது. கேழ்வரகு லாரிக்காரர் எங்களைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டைவிட இரக்கம் மிகுந்திருந்தது. அவர் வேறு ஏற்பாடு தேடிக் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டார்.

அப்போது பெங்களூர் நோக்கிப் போன ஒரு லாரி எங்களருகே நின்றது. டிரைவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். முந்தைய ஆண்டு அவர் வண்டியை நான் இழுத்து வந்திருக்கிறேன்.

"ஏன் சாமி, நிம்ம காடிகே ஈ கதியா?" என்று கேட்டுவிட்டு, உங்கள் வண்டிக்கே இந்தக் கதியா என்ற அந்தக் கேள்வியின் சுவையில் தாமே நெடுநேரம் சிரித்தார். பிறகு தமிழுக்கு வந்தார். "ஊரையே இழுத்த வண்டிய நான் இழுக்கறேன் பாருங்க! காசு கீசுன்னு பேசினா எனக்குக் கோவம் வரும்."

மேஸ்திரி கியர் கைப்பிடியை நியூட்ரலில் தள்ளினார். கயிறு கட்டினோம். இழுக்கப்படும் வண்டியை நியூட்ரலில் போடுவது எங்களுக்கு மூச்சு விடுவது போன்ற பழக்கம். எத்தனையோ வண்டிகளை அப்படித்தான் இழுத்திருந்தோம். எங்கள் சக்கரங்கள் சுற்றும்போதெல்லாம், எண்ணெய் சொட்டிப்போன அந்தப் பெட்டிக்குள் பாகங்கள் வறட்சியாய்ச் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. பின்னால் இருந்த சிறுபெட்டியின் கைப்பிடியை மட்டும் நடுவில் நிறுத்தியிருந்தால் போதும். சக்கரத்தின் சுழற்சி முன்னே இருந்த கியர் பெட்டிவரை போயிராது.

அவர் மெதுவாகப் போகவில்லை. நன்றிக்கடன் தீர்க்கிறவரின் வேகத்தில் போனார். காலடியிலிருந்து தீய்ந்த வாடை வந்ததும் நானும் மேஸ்திரியும் கத்தினோம். அவர் அதை உற்சாகமாக எடுத்துக்கொண்டு, கையை வெளியே நீட்டி ஆட்டி, ஹாரன் அடித்து இன்னும் விரைந்தார். சூளகிரியில் தேநீர்க்கடை முன்னால் நிறுத்தியபோது எங்கள் வண்டியின் அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர் எங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்தார். அவ்வளவு மகிழ்ச்சியாய் இருந்தவரிடம் என்ன சொல்வது? குடித்தோம்.

பட்டறையில் பெட்டியைத் திறந்தபோது எல்லாம் கரியாக இருந்தது. மேஸ்திரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை திட்டுங்க வாத்தியாரே. நீங்க சும்மா இருக்கறதப் பாத்தா பயமா இருக்குது."

திட்டுவதற்கும் தெம்பு வேண்டும். எனக்கு அன்று அது இல்லை.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். தேய்ந்த வளையங்களுக்குப் பதிலாகப் பெங்களூரில் ஒரு லேத்துப் பட்டறையில் வெண்கலத்தில் புதியவை கடைந்து வந்தார். எரிந்த தகடுகளின் மேல், பழைய லாரிக் கிளட்சுகளிலிருந்து உரித்த பட்டையை வெட்டி ஒட்டினார். குழாயை இந்த முறை ஒட்டின்றி ஒரே துண்டாக வாங்கினோம். அதற்காகக் காரின் கதவுகளும் இருக்கைகளும் விலைபோயின. மார்கழி கரைந்துகொண்டிருந்தது. மைத்துனர் சேலத்திலிருந்து லாரி வாங்குபவர் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர், தார்ப்பாய்மேல் பரப்பிக் கிடந்த பாகங்களைச் சுற்றி நடந்தார்.

"மாப்ளே, வண்டிய எடைக்கா போடறீங்க?" என்றார் மைத்துனர்.

"மூடினதும் பாருங்க" என்றேன்.

"நீங்க மூடறதுக்குள்ள பொங்கல் பானை இறங்கிடும்."

வீட்டில் மனைவி பாத்திரங்களைக் கோணியில் கட்டத் தொடங்கியிருந்தாள்.  ஒவ்வொரு நாளும் சமையலுக்கு வேண்டியவை குறைந்துகொண்டே வந்தன.

பொங்கலுக்குச் சில நாள்கள் இருக்கையில், மேலுமலை அடிவாரத்தில் கருங்கல் ஏற்றிய லாரி ஒன்று நிற்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெறுமனே ஓட்டிப் பார்த்ததைத் தவிர வேறு சோதனை எதுவும் செய்திருக்கவில்லை. மேஸ்திரி, "கல்லாங்க? கல்லு வேணாமே. வாழைக்காய் லாரி ஏதாச்சும் வரட்டுமே" என்றார். வாழைக்காய் லாரிக்காகக் காத்திருக்க நாள் இல்லை.

அடிவாரத்திலேயே சிறுபெட்டியைத் தாழ்த்திவிட்டேன். முன்பு பாதி ஏற்றம் வரை அதைத் தாழ்த்தாமலே போனதை எண்ணி, இந்த முறை பெட்டியின் சுமையை மலை தொடங்குமுன்பே குறைத்து வைத்தேன். சங்கிலி இறுகும் நேரம் எப்போதும் எனக்கு அச்சம் தரும் நேரம். கிளட்சில் கால் சற்று நடுங்கினாலும் சங்கிலி வெட்டும். இந்தப் பெட்டி சங்கிலியை மெல்ல, தூங்குகிறவனின் கையைப் பிடித்து எழுப்புவதுபோல, இழுத்து நிமிர்த்திற்று. கற்களுடன் அந்த லாரி அசைந்தது.

ஏற்றம் நெடுக நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. வலக்கால் ஒரே அழுத்தத்தில் இருந்தது. இடக்கால் காசு கொடுக்காமல் வந்த பயணியைப்போல நீட்டிக் கிடந்தது. மேஸ்திரி கதவுக்கு வெளியே தலையை நீட்டிச் சாலையில் எண்ணெய்க் கோடு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். விழவில்லை. உச்சியில் நிறுத்திப் பெட்டியை ஆறவிட்டோம். அவர் இறங்கி அதன்மேல் கைவைத்துப் பார்த்துவிட்டு, சூடு பொறுக்காமல் கையை உதறினார்.

"ஏறிடுச்சு வாத்தியாரே. சத்தியமா நான் நம்பல."

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க வந்திருப்பீங்களா?"

மகிழ்ச்சி வரும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். காற்று குளிர்ந்து வீசிற்று. கிருஷ்ணகிரிப் பாறைகள் கீழே வெயிலில் தெரிந்தன. இனி இந்த ஏற்றத்தை என் உடம்பு தாங்கும் வரையில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் முதலில் மனத்தில் வந்தது.

கல் லாரியை ஓசூரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். கால் வீங்கவில்லை. ஆனாலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஏறிடுச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"ஏறிடுச்சு."

 அவள் மூலையில் இருந்த கோணியின் கட்டை அவிழ்த்து, ஒரு வட்டிலை எடுத்து, முந்தானையால் துடைத்தாள். "அண்ணனுக்கு நானே சொல்லிக்கறேன். நீங்க போயி நிக்க வேணாம்" என்றாள்.

சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆள் குரல் கேட்டது. தளிச் சாலையில் காய்கறி ஏற்றிய லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கிவிட்டதாம்.

"சாப்டுட்டு வருவாருங்க" என்று அவள் உள்ளிருந்தே சொன்னாள்.

நான் சாப்பிட்டேன். எழுவதற்கு இரண்டு கையும் சுவரும் வேண்டியிருந்தன.